தராசு யார் கையில்

விடிகாலை ஐந்தே கால் மணி. மதுரையில் ஒரு உழவர் சந்தையின் வாசலில் ஷேர் ஆட்டோக்களிலிருந்து கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. "விவசாயத்துக்குப் புதுசா வந்த பையன் ஒருத்தன் இருக்கான், ஒரு தடவை போய்ப் பாருங்க" என்று நண்பர் சொல்லியிருந்தார். நான் போனபோது அந்த இளைஞர் அலுவலக ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தார், தராசு வாங்குவதற்காக.

இந்தச் சந்தைகளில் கடைக்கு வாடகை கிடையாது. தராசையும் நிர்வாகமே கொடுக்கிறது. அடையாள அட்டையைக் காட்டி வாங்கி, வியாபாரம் முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். பஞ்சாபில் 1987-இல் வந்த அப்னி மண்டி, ஆந்திராவில் 1999 ஜனவரியில் வந்த ரைத்து பஜார் ஆகியவற்றைத் தொடர்ந்து, 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பின் பல சந்தைகள் களையிழந்தன, 2006-க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்றன. இன்று தமிழ்நாட்டில் 150-க்கும் மேல் உள்ளன.

இளைஞருக்கு வயது இருபத்தெட்டு. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, வாடிப்பட்டிப் பக்கம் கிணற்றுப் பாசனத்தோடு எண்பது சென்ட் குத்தகைக்குப் பிடித்திருக்கிறார். முதல் வெள்ளாமை கத்தரி. அதைக் கமிஷன் மண்டியில் போட்டார். வீட்டில் எடை போட்டபோது மூன்று மூட்டையும் சேர்த்து 124 கிலோ. மண்டிச் சீட்டில் 116. கழிவு என்றார்களாம். நூற்றுக்குப் பத்து கமிஷன், இறக்குக்கூலி, சாக்குக்காசு எல்லாம் போக மிஞ்சியது பறிப்புக்கூலிக்கே பற்றவில்லை.

"எடை போடுறப்ப நம்மள உள்ளயே விடலண்ணே. சீட்டுதான் வந்துச்சு" என்றார்.

அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறார். மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. ஒரு மனிதன் நான்கு மாதம் தண்ணீர் கட்டி, பூச்சி பார்த்து வளர்த்த பொருளின் எடையைக்கூட அவன் கண்ணால் பார்க்க முடியாத ஏற்பாட்டை வியாபாரம் என்று எப்படிச் சொல்வது? நள்ளிரவில் வந்தாலும் மொத்தச் சரக்கையும் இறக்கிக்கொள்வதும், கைமாற்றாக முன்பணம் தருவதும் மண்டிதான் என்பது உண்மை. உழவர் சந்தையால் ஐம்பது பெட்டி தக்காளியை ஒரே நாளில் தாங்க முடியாது. ஆனால் அந்த முன்பணம்தான் அடுத்த பருவத்திலும் அதே வாசலுக்கு இழுத்து வருகிறது. கடன் வாங்கியவன் எடையைப் பற்றிக் கேள்வி கேட்பானா?

மண்டியை விட்டு நேரே சந்தைக்கு வந்திருக்கலாமே என்று கேட்டேன். அட்டை இல்லை. தான் பயிரிட்டதைத் தானே விற்கிறவருக்குத்தான் அட்டை, அதற்கு நிலத்துக்கோ குத்தகைக்கோ எழுத்து வேண்டும். இளைஞருக்கோ சிட்டாவில் பெயர் இல்லை. குத்தகையை எழுதித் தர நிலக்காரர் தயங்கினார். 1955-ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து, கையெழுத்துப் போட்டால் நிலம் திரும்ப வராது என்ற பயம் நிலம் வைத்திருப்பவர்களிடம் போகவே இல்லை. குத்தகைக்காரரைக் காக்க வந்த சட்டம், சொந்த நிலமில்லாமல் உழவுக்கு வருகிற புதியவருக்கு இப்படி முட்டுக்கட்டையாகவும் நிற்கிறது. அட்டைக்கு நிலப் பத்திரத்தைப் பார்ப்பதைவிட வயலில் நிற்கிற ஆளைப் பார்ப்பதே நியாயம்.

முடிச்சை அவிழ்த்தது பக்கத்துக் கடை அம்மா. அறுபதைத் தாண்டியவர், சந்தை திறந்த காலத்திலிருந்து வருகிறார். நிலக்காரர் அவருக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசி எழுத்து வாங்கித் தந்தார், அட்டையும் கிடைத்தது. அதோடு விடவில்லை. "எடுத்த எடுப்புலயே கத்தரிய நம்பாத தம்பி. கீரைய வெத. இருபத்தஞ்சு நாள்ல காசு கண்ணுல தெரியும்" என்று விதையும் கொடுத்தார். சிறுகீரையும் தண்டங்கீரையும் அப்படித்தான் வந்தன. பாத்தி பாத்தியாகப் பத்து நாள் இடைவெளியில் விதைக்கும் கணக்கை இளைஞர் விரித்துச் சொன்னார்.

ஏழு மணிக்குக் கூட்டம் ஏறியது. கரும்பலகையில் அன்றைய விலை எழுதியாயிற்று, மொத்த விலைக்கு மேலே, வெளிக்கடை விலைக்குக் கீழே. இளைஞர் தராசை வாங்குகிறவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அவர்கள் எண்ணைப் பார்த்த பிறகே காயைப் பையில் கொட்டினார். சிலர் விலைகூடக் கேட்கவில்லை. வயதான ஒருவர் வேறு இரண்டு கடைகளைத் தாண்டி வந்து, "போன வாரம் ஏன் வரலை?" என்றார்.

"மோட்டார் ரிப்பேருங்கய்யா."

"சரியாயிடுச்சா?"

சரியாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அவர் பையை நீட்டினார். விளைச்சல் குறைந்த வாரத்திலும் தேடி வந்து கேட்கிற இப்படிப் இருபது முப்பது பேர் இருந்தால், புதிதாக வந்தவர் நிலத்தைவிட்டு ஓடமாட்டார். அன்று அவரிடம் வந்தவர்களில் பாதிப் பேரை அவருக்கு முகம் பார்த்தே தெரிந்திருந்தது.

பதினொன்றரைக்குக் கூடை காலி. வதங்கிய நான்கு கீரைக்கட்டுகளைப் பக்கத்துக் கடை அம்மாவின் ஆட்டுக்கு என்று எடுத்துவைத்தார். தராசுத் தட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு மறுபடி ஜன்னலுக்குப் போனார். பின்னாலிருந்து அம்மா கூப்பிட்டார்: "தம்பி, நாளைக்கு நாலு மணி வண்டிக்கு நில்லு. எனக்கு மூணு கூடை இருக்கு, ஏத்திவிடணும்."