எந்தப் பக்கம் பார்த்து நிற்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் நியூயார்க்கில் வேலை பார்க்கிறான். (பையன் என்ன பையன், அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது.) போன வாரம் பேசும்போது கேட்டான்: "சார், எதிர் வீட்டுல ஒரு யூதப் பெரியவர் இருக்கார். ஹால்ல கிழக்குச் சுவத்துல ஒரு அலங்காரப் பலகை மாட்டியிருக்கார். அதுல எழுதியிருக்கிறதுக்கு அர்த்தமே 'கிழக்கு'ன்னுதானாம். அந்தப் பக்கம் பாத்துதான் தொழுவாராம். அப்ப அவங்களும் நம்மள மாதிரி சூரியன் உதிக்கிற திசையத்தான் கும்பிடுறாங்களா சார்?"

போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

அந்தப் பலகைக்குப் பெயர் மிஸ்ராஹ். எபிரேய மொழியில் கிழக்கு என்று பொருள். ஆனால் சூரியனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. யூதர்கள் பார்த்து நிற்பது ஜெருசலேம் என்கிற ஊரை. ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அந்த ஊர் கிழக்கே இருந்தது. அந்தப் பழக்கம் கப்பலேறி அமெரிக்காவுக்கும் போய்விட்டது.

அவர்களுடைய தல்மூத் நூல் இதைத் தபால் விலாசம் போல அடுக்கிச் சொல்கிறது. வெளிநாட்டில் இருப்பவன் இஸ்ரேல் நாட்டை நோக்கித் திரும்ப வேண்டும். நாட்டுக்குள் இருப்பவன் ஜெருசலேமை நோக்கி. ஜெருசலேமில் இருப்பவன் கோயிலை நோக்கி. கோயிலுக்குள் நிற்பவன் அதன் உள்ளறையான மகா பரிசுத்த இடத்தை நோக்கி. ஆகவே கிழக்கே வாழ்பவன் மேற்கே பார்ப்பான், வடக்கே வாழ்பவன் தெற்கே பார்ப்பான். இத்தனைக்கும் அந்தக் கோயிலை ரோமானியர்கள் கி.பி. 70இலேயே இடித்துவிட்டார்கள். இல்லாத ஓர் அறையைப் பார்த்து 1,950 வருடங்களாக நிற்கிறார்கள்! எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

சூரியன் விஷயத்தில் அவர்களுக்கு ஒரு கூச்சமே உண்டு. அந்தக் கோயிலின் வாசல் கிழக்கே, உள்ளறை மேற்கே. உள்ளே போகிறவன் சூரியனுக்கு முதுகைக் காட்டித்தான் போக வேண்டும். முன்னோர் சிலர் கோயிலுக்கே முதுகைக் காட்டிக்கொண்டு சூரியனைக் கும்பிட்டதை எசேக்கியேல் தீர்க்கதரிசி பெரும் பாவமாக எழுதி வைத்திருக்கிறார்.

பைபிளில் தானியேல் கதை தெரிந்திருக்கும். பாபிலோனில் இருந்துகொண்டு ஜெருசலேம் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்து, தினம் மூன்று வேளை மண்டியிட்டவர். சிங்கக் குகையில் போட்டார்களே, அவரேதான். பாபிலோனிலிருந்து ஜெருசலேம் மேற்கே இருக்கிறது. சிரியாவில் துரா யூரோப்பஸ் என்ற இடத்தில் மூன்றாம் நூற்றாண்டு ஜெப ஆலயம் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். அங்கே தோரா சுருள்களுக்கான மாடம் மேற்குச் சுவரில்தான் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன், கொச்சியில் மட்டாஞ்சேரிக்குப் போனால் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் வேன் பிடித்துப் போயிருந்தோம். 1568இல் கட்டிய ஜெப ஆலயம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால், காலுக்குக் கீழே நீலமும் வெள்ளையுமாகச் சீனத்து ஓடுகள், தலைக்கு மேலே கண்ணாடி விளக்குகள். தோரா சுருள்கள் இருக்கும் பேழை மேற்கே. எங்களோடு வந்த கணக்கு வாத்தியார் மெதுவாகக் காதில் சொன்னார்: "நம்ம ஊரு பள்ளிவாசல் மாதிரியே இருக்கே, மேற்கு!" சரிதான். இந்தியாவிலிருந்து மெக்காவும் மேற்கே, ஜெருசலேமும் மேற்கே.

சமூக அறிவியல் நடத்தியவன் சும்மா இருக்க முடியுமா? வீட்டில் ஒரு பழைய பூமி உருண்டை கிடக்கிறது. அதில் நியூயார்க்கில் ஒரு விரலை வைத்து, ஜெருசலேமில் இன்னொரு விரலை வைத்து, நடுவில் நூலை இழுத்துப் பிடித்தேன். நூல் கிழக்கே போகவில்லை, வடகிழக்கே கிளம்புகிறது! வடக்கிலிருந்து ஏறக்குறைய 54 பாகை. கொச்சியிலிருந்து பிடித்தால் வடமேற்கே போகிறது. தட்டையான வரைபடத்தில் ஒரு திசை, உருண்டையில் ஒரு திசை. இதையும் மாணவனிடம் சொன்னேன். "பெரியவர்கிட்ட சொல்லட்டுமா சார்?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல மனுஷனை எதற்கு இந்த வயதில் குழப்புவது?

நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அடுத்து வரும் விதிக்காகத்தான்.

கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னா என்ற நூலில் ஒரு கழுதைக்காரன் வருகிறான். தொழுகை நேரம் வந்தால் கழுதையை விட்டு இறங்க வேண்டும். இறங்க முடியாவிட்டால் முகத்தை மட்டும் திருப்பினால் போதும். முகத்தையும் திருப்ப முடியாவிட்டால் மனத்தை அந்த உள்ளறைப் பக்கம் திருப்பட்டும். கப்பலிலும் கட்டுமரத்திலும் போகிறவனுக்கும் அப்படியே. பார்வையற்றவனும் திசை தெரியாதவனும் மனத்தைக் கடவுளை நோக்கி வைத்தால் போதும் என்று தல்மூத் இன்னும் ஒரு படி இறங்கி வருகிறது.

என் அம்மா கடைசி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்தது, திரும்பிப் படுக்க முடியாது. கிழக்கே தலை வைத்துக் கட்டில் போட்டிருந்தோம், சாஸ்திரப்படிதான். ஆனால் அறுபது வருடம் காலையில் முற்றத்தில் கிழக்கு பார்த்துக் கும்பிட்டவர்களுக்கு இப்போது சூரியன் தலைக்குப் பின்னால். "பொழுது கிளம்பிருச்சாடா?" என்று கேட்டுக்கொண்டே எதிரே இருக்கும் மேற்குச் சுவரைப் பார்த்துக் கையெடுப்பார்கள். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், "திசை தப்பிக் கும்பிட்டா பலன் இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அம்மா கையெடுத்து நான் பார்க்கவில்லை. கட்டிலைத் திருப்பிப் போடுகிறேன் என்றேன். "வேணாம்டா, வலிக்கும்" என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா போய் ஏழு வருடம் கழித்து அந்தக் கழுதைக்காரன் விதியை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். அன்றைக்கு அதற்கு மேல் ஒரு பக்கம் புரட்ட முடியவில்லை.

தல்மூத்தில் ரவ் ஷேஷெத் என்று கண் தெரியாத அறிஞர் ஒருவர் வருகிறார். தொழுகைக்கு நிற்கும்போது உதவியாளரிடம், "என்னை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி நிறுத்து, கிழக்கு மட்டும் வேண்டாம்" என்பாராம். மாற்றுக் கொள்கைக்காரர்கள் கிழக்கைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அவர் காரணம். கடவுள் எங்கும் இருக்கிறார் என்றுதான் அவரும் நம்பினார். அதில் கொஞ்சம் வீம்பும் தெரிகிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

கொச்சிக்குத் திரும்ப வருகிறேன். இஸ்ரேல் நாடு உருவான பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். 1954இல் ஒரு கூட்டம் நெவாத்திம் என்ற கிராமத்துக்குப் போனது. பேயர்ஷெபா பக்கத்தில், நெகேவ் பாலைவனம். தென்னையும் காயலும் பார்த்து வளர்ந்தவர்கள் அங்கே விவசாயம் செய்தார்கள்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நெவாத்திமிலிருந்து ஜெருசலேம் வடக்கே இருக்கிறது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மேற்கே பார்த்து நின்றவர்கள், ஐம்பது அறுபது வயதில் போய் இறங்கியவர்களும் இருந்திருப்பார்கள், முதல் நாள் காலையில் பழக்கதோஷத்தில் எந்தப் பக்கம் திரும்பியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.