ஒரே ஒரு மாணவி படித்த வகுப்பறை

காபியில் சிக்கரி கலப்பது நம்மூருக்கு மட்டுமே உரிய பழக்கம் இல்லை. அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலும் காபி என்றால் சிக்கரி காபிதான். கூடவே, சர்க்கரைப் பொடியை மழையாகத் தூவிய ‘பென்யே’ பலகாரம். தெருமுனையில் ஜாஸ் இசை, இரும்புப் பூவேலை செய்த பழைய பால்கனிகள், மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தில் வீசப்படும் கலர் மணிமாலைகள்... சுற்றுலா வருபவர்கள் பெரும்பாலும் இவற்றை ரசித்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள்.

கொஞ்சம் நேரம் இருப்பவர்கள், பிள்ளைகளோடு வந்தவர்கள் இன்னொரு இடத்துக்கும் போகிறார்கள். காரில் கால் மணி நேரத் தூரம்தான். ‘அப்பர் நைன்த் வார்டு’ என்ற பகுதி. சுற்றுலாக் கூட்டம் இல்லாத, சாதாரண மக்கள் குடியிருக்கும் தெருக்கள். அங்கே வடக்கு கால்வெஸ் தெருவில், 1930களில் கட்டப்பட்ட ஒரு பள்ளிக்கூடம் நிற்கிறது. அதன் வளாகத்தில் ஒரு சின்னப் பெண்ணின் சிலை.

சிலையில் இருப்பவர் ரூபி பிரிட்ஜஸ். இந்தப் பள்ளிக்குள் முதன்முதலாக நுழைந்தபோது அவளுக்கு வயது 6.

திருவிழா என்று நினைத்தாள்

வெள்ளையினக் குழந்தைகளையும் கறுப்பினக் குழந்தைகளையும் தனித்தனி அரசுப் பள்ளிகளில் படிக்கவைப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே மாதம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் ரூபி பிறந்தாள். அந்தத் தீர்ப்பு அவள் குடியிருந்த தெருவரை வந்துசேர 6 வருடங்கள் ஆயின.

வெள்ளையினப் பள்ளியில் சேர விரும்பும் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். தேறிய 6 பேரில் இருவர் பழைய பள்ளியிலேயே இருந்துவிட்டார்கள். 3 சிறுமிகள் மெக்டோனா 19 என்ற பள்ளிக்குப் போனார்கள். வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்கு வந்தது ரூபி மட்டும்தான். அப்பாவுக்கு இதில் இஷ்டமே இல்லை. அம்மாதான் பிடிவாதமாக நின்றார்.

1960 நவம்பர் 14. வீட்டுக்கு ஒரு கார் வந்தது. பாதுகாப்புக்கு மத்திய அரசின் மார்ஷல்கள் 4 பேர். புதுப் பள்ளியில் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும், பயப்படக் கூடாது என்று சொல்லித்தான் அம்மா கிளப்பினார். பள்ளி வாசலில் பெருங்கூட்டம், கூச்சல், கையிலிருந்ததையெல்லாம் வீசிக்கொண்டிருந்தார்கள். ரூபி என்ன நினைத்தாள் தெரியுமா? மார்டி கிரா வந்துவிட்டது என்று நினைத்தாள். நியூ ஆர்லியன்ஸ் குழந்தைக்குத் தெரிந்த கூட்டம் அது ஒன்றுதானே!

அந்தக் கூட்டம் எதிர்த்துக் கத்தியது தன்னைத்தான் என்பது அவளுக்குப் புரியவில்லை. பின்னாளில் கூட்டத்தில் ஒரு பெண், சின்னச் சவப்பெட்டிக்குள் கறுப்புப் பொம்மையை வைத்துத் தூக்கிக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் குழந்தை நிஜமாகவே பயந்தாள்.

முதல் நாள் முழுக்க ரூபியும் அம்மாவும் தலைமை ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால், வெள்ளையினப் பெற்றோர் வரிசையாக வந்து தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

டீச்சரும் மாணவியும்

மறுநாள் ரூபியை வகுப்பறைக்கு அழைத்துப் போனவர் பார்பரா ஹென்றி. வடக்கே பாஸ்டனிலிருந்து வந்த வெள்ளையின ஆசிரியை. மற்ற ஆசிரியர்கள் மறுத்த வேலையை ஏற்றுக்கொண்டவர். அறை நிறைய மேசைகள். மாணவி ஒருத்திதான்.

டீச்சர் கரும்பலகைப் பக்கம் நின்று பாடம் நடத்தவில்லை. ரூபியின் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். வெளியே விளையாட அனுப்ப முடியாது என்பதால், மேசைகளுக்கு நடுவிலேயே இருவரும் குதித்து உடற்பயிற்சி செய்தார்கள். அந்த வருடம் முழுக்க இருவருமே ஒரு நாள்கூட லீவு போடவில்லை. வருடக் கடைசியில் ரூபியின் ஆங்கிலத்தில் பாஸ்டன் வாடையே வந்துவிட்டது.

ஆனாலும் குழந்தை குழந்தைதானே. மதியம் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த சாண்ட்விச்சுகளை அலமாரிக்குள் ஒளித்துவைத்தாள். பாலைப் பசை டப்பாவில் ஊற்றினாள். கரப்பானும் எலியும் வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. ஹென்றி டீச்சர் திட்டவில்லை. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டை அவளோடு சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

கட்டடத்தில் எங்கோ குழந்தைகளின் குரல் கேட்கும். ஆனால், கண்ணில் படமாட்டார்கள். கூட்டத்தின் ஏச்சைத் தாண்டி வந்த சில வெள்ளையினக் குழந்தைகளை வேறு அறையில் வைத்திருந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே இப்படிப் பிரித்து வைப்பதும் சட்டவிரோதம்தான் என்று ஹென்றி டீச்சர் தலைமை ஆசிரியரிடம் மல்லுக்கு நின்றார். கடைசியில், கொஞ்ச நேரமாவது சேர்ந்திருக்கட்டும் என்று அனுமதி கிடைத்தது.

ரூபிக்கு ஒரே சந்தோஷம். விளையாடப் போனாள். ஒரு சிறுவன், உன்னோடு விளையாடக் கூடாது என்று எங்கம்மா சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டான். அவள் நிறத்தைக் குறிக்கும் வசைச்சொல்லையும் சேர்த்தே சொன்னான்.

வாசலில் இருந்த கூட்டம் எதற்கு, அறை ஏன் காலியாக இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. அந்தச் சிறுவன்மேல் தனக்குக் கோபம் வரவில்லை என்று பின்னாளில் ரூபி சொல்லியிருக்கிறார். யாரோடாவது விளையாடக் கூடாது என்று தன் அம்மா சொல்லியிருந்தால் தானும் கேட்டிருப்பேன் என்பதுதான் அவர் தரும் விளக்கம்.

விலை கொடுத்த குடும்பம்

இந்தப் படிப்புக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை அதிகம். அப்பாவுக்கு பெட்ரோல் பங்க் வேலை போனது. மிசிசிப்பியில் குத்தகைக்கு உழுது வந்த தாத்தா, பாட்டி அந்த நிலத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கைகொடுத்தவர்களும் இருந்தார்கள். அக்கம்பக்கத்தினர் காருக்குப் பின்னாலேயே துணைக்கு நடந்து வந்தார்கள். குழந்தைகள் மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ் தானாக முன்வந்து ரூபியைத் தொடர்ந்து சந்தித்துப் பேசினார்.

அடுத்த வருடம் வாசலில் கூட்டம் இல்லை, மார்ஷல்களும் இல்லை. இரண்டாம் வகுப்பில் ரூபியோடு மற்ற பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஹென்றி டீச்சர் மட்டும் இல்லை. பாஸ்டனுக்கே திரும்பிவிட்டார். டீச்சரும் மாணவியும் மறுபடி சந்திக்க 30 வருடங்களுக்கு மேல் ஆனது.

ஓவியர் நார்மன் ராக்வெல், வெள்ளைக் கவுனில் நடந்து போகும் அந்தச் சிறுமியை வரைந்தார். 2011-ல் அந்த ஓவியம் வெள்ளை மாளிகையில் மாட்டப்பட்டபோது, ஒபாமாவோடு நின்று ரூபியே அதைப் பார்த்தார்.

எண் 2306

1993-ல் தம்பி கொலையுண்ட பிறகு, அவருடைய பெண் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டார் ரூபி. அவர்கள் படித்தது இதே வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளி. அங்கே தன்னார்வலராக வேலை செய்யப் போனவருக்கு ஓர் உண்மை உறைத்தது. வெள்ளையினக் குடும்பங்கள் ஏரியாவைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தன. பள்ளியில் மீண்டும் ஏறக்குறைய ஒரே நிறத்துப் பிள்ளைகள்தான். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. பக்கத்தில் உட்காரும் மனசைச் சட்டத்தால் கொடுக்க முடியவில்லை. அதைச் சின்ன வயதிலேயே சொல்லித்தர வேண்டும் என்றுதான் ரூபி பள்ளி பள்ளியாகப் போய்க் குழந்தைகளிடம் தன் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

2005-ல் கத்ரீனா புயல் இந்தக் கட்டடத்தையும் விட்டுவைக்கவில்லை. பல வருடங்கள் மூடிக் கிடந்தது. புதுப்பித்த பிறகு அகிலி அகாடமி என்ற பள்ளி இங்கே வந்தது. உள்ளே 2306 என்ற எண்ணுள்ள வகுப்பறையை மட்டும் 1960-ல் இருந்ததுபோலவே மீட்டு வைத்திருக்கிறார்கள். சிலை 2014-ல் வந்தது. பிள்ளைகள் படிக்கும் இடம் என்பதால், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவதே நல்லது.

கால்வாயைத் தாண்டினால் மெக்டோனா 19. லியோனா டேட், கெயில் எட்டியென், டெஸ்ஸி பிரிவோஸ்ட் என்ற 3 சிறுமிகளும் அதே நாளில் நுழைந்த பள்ளி. வெளியிலிருந்து யாரும் பார்த்துவிடாதபடி ஜன்னல்களுக்குக் காகிதம் ஒட்டி, உள்ளேயே விளையாடவைத்துப் படிக்கவைத்தார்கள். இடிபட இருந்த அந்தக் கட்டடத்தை லியோனா டேட் போராடி மீட்டார். 2022-ல் மூவர் பெயரிலும் நினைவு மையமாகத் திறக்கப்பட்டது. மாடியில் முதியோருக்கான குடியிருப்புகளும் உண்டு.

இப்போது அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் நவம்பர் 14 அன்று குழந்தைகள் ரூபியின் நினைவாகக் கூட்டமாகப் பள்ளிக்கு நடந்து போகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற பாடம் இது.

ஆனால், இந்தப் பாடத்தில் பாதி பெரியவர்களுக்கானது. பயப்படாமல் போ என்று ஓர் அம்மா சொன்னார். சேராதே என்று இன்னோர் அம்மா சொன்னார். இரண்டு பிள்ளைகளுமே அம்மா பேச்சைத் தட்டாத நல்ல பிள்ளைகள்தான்.