பக்கத்தில் நிற்க விட்டார்களா?

ரவிவர்மா யாரிடமும் முறையாகப் படிக்காதவர் என்பார்கள். 1868இல் திருவனந்தபுரம் அரண்மனையில் தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்காரர் தைலவண்ணம் தீட்டுவதைப் பார்த்தே கற்றாராம். சரி. பக்கத்தில் நின்று பார்க்க விட்டார்களே, அதுதான் விஷயம்.

எங்க மாமாவை யாரு நிற்க விட்டா? ஸ்ரீவில்லிபுத்தூர் சேரியில் பிறந்தவர். ராஜபாளையத்தில் சினிமா பேனர் எழுதுற இடத்தில் பெயிண்ட் டப்பா கழுவினார். பிரஷ்ஷைத் தொட விடவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து, அம்பேத்கர் படத்து மேல் பென்சிலால் கட்டம் போடுவார். சுவரில் அதே கட்டத்தைப் பெரிசாகப் போட்டு, ஒவ்வொன்றாகக் கரியால் நிரப்புவார். மூக்கு வந்துவிடும், கண்ணாடிக்குள்ள கண்ணு வராது. அழிப்பார். “சுண்ணாம்புக்கு யாரு காசு குடுப்பா?” என்று அத்தை ஏசும்.

நாடாளுமன்ற மைய மண்டபத்திலேயே அம்பேத்கர் படம் 1990இல்தான் ஏறியது. அந்த நூற்றாண்டு சமயத்தில் ஊர் ஊராக மாமாவைக் கூப்பிட்டார்கள். கூலி பாதி இடத்தில் சோறுதான். 1997இல் இந்த வட்டாரம் கலவரத்தில் எரிந்தபோது, அவர் வரைந்த முகத்தில் எவனோ சாணி அடித்தான். கழுவிவிட்டு மறுபடி கட்டம் போட்டார்.

பிளக்ஸ் வந்து சுவர் வேலை போயிற்று. இப்போது செத்தவர்களை வரைகிறார். கூலிக்காரக் கிழவிக்கு வாக்காளர் அட்டையில் இருக்கிற போட்டோ ஒன்றுதான். அதை வைத்தே முகத்தைக் கொண்டுவந்துவிடுவார். கீழே தன் பெயரை மட்டும் போட மாட்டார்.

“போடுங்க மாமா” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.