தங்கச்சிமடத்துப் பதியன்

மதுரை மல்லின்னு ஊரெல்லாம் பேரு. 2013-ல் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. ஆனா அந்தச் செடிக்குப் பிறந்த வீடு ராமேஸ்வரம் தீவுல இருக்கிற தங்கச்சிமடம்னு நகரத்து நண்பர்கள் பல பேருக்குத் தெரியாது. மல்லிகைக் குச்சி வேர் பிடிக்க அந்த மணல்தான் தோது. தண்ணி தேங்காது, வேர் அறாமப் பிடுங்கவும் வரும். எங்க பக்கம் மல்லிகை போடுறவங்க காலங்காலமா பதியன் வாங்க அங்கதான் போறோம்.

ஒரு தடவை நட்டா பன்னிரண்டு, பதிமூணு வருஷம் பறிக்கலாம். அதனால நாங்க அந்தத் தீவுக்குப் போறதும் அத்தனை வருஷத்துக்கு ஒரு தடவைதான். தினம் பார்க்கிறவங்க கண்ணுக்குத் தெரியாத மாற்றம் எங்களுக்குப் பளிச்சுன்னு தெரியும்.

அப்பா காலத்துல 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம்தான் ஒரே வழி. ஈரச்சாக்குல சுத்தின பதியன் கட்டோட ரயில்ல வருவார். 1988-ல் சாலைப் பாலம் வந்துச்சு. 1998-ல் நான் வேன்லயே போனேன். தோட்டத்துல குழி தோண்டியிருப்பாங்க. ஆள் உயரத்துக்குள்ள நல்ல தண்ணி. குடத்துல மொண்டு மொண்டு பாத்திக்கு ஊத்துவாங்க. சுத்தியும் உப்புக் கடல், நடுவுல இனிப்புத் தண்ணி! அன்னைக்கு எனக்கு அது பெரிய அதிசயம்.

அதுல மாயமில்லை. பெய்யுற மழை மணல்ல இறங்கி, அடியில இருக்கிற உப்புத் தண்ணி மேல மிதக்குது, பால் மேல ஏடு மாதிரி. குடத்துல மொண்டா ஏடு அப்படியே இருக்கும். மோட்டார் வச்சு உறிஞ்சினா உப்பு மேல ஏறிடும்.

2011-ல் போனப்ப லாட்ஜுகள் கூடியிருந்துச்சு. 2017-ல் பேக்கரும்புல கலாம் நினைவிடம் திறந்தாங்க. அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடும் வந்துச்சு. 1964 புயல் அழிச்ச தனுஷ்கோடிக்கு மணல்ல குலுங்கிக் குலுங்கி வேன்ல போனது போய், இப்ப கார் கடல் விளிம்புல நிக்குது. 2025 ஏப்ரல்ல புது ரயில் பாலமும் ஆச்சு.

இந்த வருஷம் மறுபடி போனேன். நான் பதியன் வாங்குற தோட்டத்துக்கு ரெண்டு பக்கமும் தங்கும் விடுதி. பெரியவர் கிணத்துத் தண்ணியை மொண்டு கொடுத்தார். நாக்குல லேசா கரிச்சுது. "தம்பி, பதியன் வித்து ஒரு வருஷத்துல வர்ற காசை, எடத்தைக் குடுத்தா ஒரு சென்ட்டுலயே தர்றேங்கிறாங்க. பேரனுக்கு என்ன பதில் சொல்றது?" ன்னார். என்கிட்டயும் பதில் இல்லை.

ரோடும் பாலமும் வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது. ராத்திரியில பிரசவ வலி வந்தா ரோட்டோட அருமை தெரியும். சங்குக் கடை, மீன் பொரிக்கிற கடைன்னு பல குடும்பம் பிழைக்குது. தண்ணிதான் என் கவலை. ரூமுக்கு ஷவர், துணி துவைக்க, செப்டிக் டேங்க் வேற. எல்லாம் அதே ஏட்டு மேலதான். ரெண்டு நாள் தங்கிட்டு வர்ற நாம உப்புக் கரிச்சா பாட்டில் வாங்கிக்குவோம். செடி என்ன செய்யும்?

அடுத்த தடவை ராமேஸ்வரம் போறவங்க வாளியில குளிங்க, போதும். போற வழியில தங்கச்சிமடத்துல வண்டியை நிறுத்தி அந்தப் பாத்திகளையும் பாருங்க. உங்க வீட்டுப் பூவோட வேர் அங்கதான் இருக்கு.

நான் ரெண்டு சென்ட்டுல மணல் அடிச்சு, நானே பதியன் போட்டுப் பார்க்கிறேன். இதுவரைக்கும் நூத்துக்கு நாப்பதுதான் பிடிச்சிருக்கு.