வரிக்கொரு பணியாள்

"பிழை எம்முடையது" என்று மாணாக்கர் முன்னிலையிற் சொல்லுதல் ஆசிரியர்க்கு எளிதன்று. அண்மையில் அதனைச் சொல்லும் கடமை எமக்கு நேர்ந்தது.

கணினி வகுப்பில் 'மேக்' என்னும் கருவியைப் பற்றிக் கற்பித்துக் கொண்டிருந்தோம். 1976ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் பெல்ட்மன் என்பவர் ஆக்கியது அது. செய்நிரலொன்றின் கோப்புகளுள் மாற்றமடைந்தவற்றை மட்டும் கண்டறிந்து மீளத் தொகுக்கும். செய்யவேண்டியவற்றை வரிவரியாக எழுதிவைத்தாற் போதும். 'ஷெல்' என்னும் பணியாளனைக் கொண்டு செய்விக்கும்.

கரும்பலகையில் இரு வரிகள் எழுதினோம். பழைய தொகுப்புகள் கிடக்கும் கோப்புறைக்குட் செல்க என்பது முதல் வரி. இருக்கும் கோப்புகளையெல்லாம் அழிக்க என்பது மற்றது. மாணவன் ஒருவன் அவ்வாறே எழுதி இயக்கினான். பழையவை அசையாதிருந்தன, ஒரு தவணை முழுவதும் அவன் வருந்தி எழுதிய மூலக்கோப்புகள் மறைந்துபோயின!

"கவனமின்றி எதையோ தட்டிவிட்டாய்" என வகுப்பறிய ஏசினோம். "ஓம் சேர், நான்தான் பிழை விட்டிட்டன் போல" என்று அவன் தலைகுனிந்தான்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அவ்விரு வரிகளையும் மீண்டும் எழுதி, அழிக்கும் கட்டளைக்குப் பதிலாக, நிற்குமிடத்தைத் தெரிவிக்கும் 'பிடபிள்யூடி' கட்டளையை இட்டுப் பார்த்தோம். திரையில் வந்தது புறப்பட்ட கோப்புறையின் பெயரே! கைநூலைப் புரட்டியபோது காரணம் விளங்கிற்று. மேக், வரி ஒவ்வொன்றுக்கும் புதிய ஷெல் ஒன்றை அழைக்கின்றது. முன்னவன் சென்ற இடத்தைப் பின்னவன் அறியான். நாமே விசைப்பலகையில் தட்டும்போது ஒரே ஷெல் தொடர்ந்து இருப்பதால் இப்பிழை தோன்றுவதில்லை.

ஒருவனிடம் "தோட்டத்துக்குப் போ" என்றும், முற்றத்தில் நிற்கும் வேறொருவனிடம் "எல்லாவற்றையும் பிடுங்கு" என்றும் சொன்னால், துளசியன்றோ பிடுங்கப்படும்? பிடுங்கியவன்மீது குற்றமுண்டோ?

பரிகாரம் சிறிது. இரு கட்டளைகளையும் ஒரே வரியில், && என்னும் குறியால் இணைத்தல் வேண்டும். அப்போது ஒரே ஷெல் இரண்டையும் செய்யும். முதலாவது தவறினால் இரண்டாவது நடவாது. அரைப்புள்ளியால் இணைத்தலோ ஆபத்தானது. கோப்புறை இல்லாதவிடத்தும் அழித்தல் நடந்தேறும்.

மறுநாள் அதே வகுப்பில், அதே கரும்பலகையின் முன் நின்று, எம் பிழையை விளக்கி அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவனிடம் பழைய பிரதியொன்று எஞ்சியிருந்தது. குறைந்தவற்றை இரண்டு சனிக்கிழமைகள் அவனுடன் அமர்ந்து மீள எழுதினோம்.

இப்போது ஒரு மாணவனின் வேலை பிழைத்தால், முதலில் அவனை நோக்குவதில்லை. நாம் எழுதிய வரியையே நோக்குகின்றோம். நாம் சொல்ல நினைத்தது வேறு, சொல்லியது வேறாக இருத்தல் கூடுமன்றோ?