நடை பழகின கதை

"இளைச்சிட்டியே, என்ன டயட்?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிடறேன். டயட்டெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. பெரியம்மா வீட்டில் மூணு வேளையும் வயிறு நிறையச் சாப்பாடுதான். எவ்வளவு இளைச்சேன் என்றும் தெரியாது. ஒன்றரை வருஷமா எடை மெஷின் பக்கமே போகவில்லை. அது ஏன் என்பதுதான் இன்றைய கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

சேலத்தில் 8 வருஷம் குடும்பம் நடத்தினேன். அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கு, ஏன்னா எல்லாருடைய முதல் கேள்வியும் அதுதான். இல்லைன்னு சொன்னதும் அடுத்தது வரும். "அடிக்கலை, குடிக்கலை, சம்பளத்தை ஒழுங்கா வீட்டுக்குக் கொண்டு வர்றார். அப்புறம் என்னம்மா உனக்கு?"

அப்புறம் என்னன்னா, ஸ்கூட்டி மீட்டர். சாயந்திரம் வந்ததும் செருப்பைக் கழட்டுவதற்கு முன்னாடி என் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு குனிந்து பார்ப்பார். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் போக வர 11. என்னைக்காவது 13 காட்டினால், "அந்த ரெண்டு எங்க போச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். சிரித்துக்கொண்டேதான், குரல் உசராது. பதில் சரியா இல்லைன்னா மூணு நாள் பேச மாட்டார். போனில் நான் இருக்கும் இடம் காட்டுகிற வசதி எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கணும். அம்மாவோடு பேசினால் ஸ்பீக்கரில் பேசணும்.

சனிக்கிழமை ராத்திரி எடை பார்க்கும் நாள். நோட்டுப் போட்டுத் தேதிவாரியா எழுதி வைத்திருந்தார். அரைக் கிலோ கூடினால் அடுத்த வாரம் முழுக்க எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. "உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்?" பக்கத்து வீட்டு அக்காவோடு காலையில் நடக்கப் போய்க்கிட்டிருந்தேன். அது வம்பு பேசற கூட்டம்னு நிறுத்தியாச்சு. அதுக்குப் பதிலா ஒரு டிரெட்மில் வந்து இறங்கியது. தினம் 40 நிமிஷம். எதிரில் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார். கல்லூரியில் நான் 800 மீட்டர் ஓடினவள். ஓட்டம்னா அவ்வளவு பிடிக்கும். அதையும் இப்படி ஒருத்தர் பார்வைக்கு நடுவில் ஓட வைத்து, கடைசியில் அந்த மெஷின் பட்டனை அமுக்குகிற சத்தம் கேட்டாலே குமட்டற அளவுக்குக் கொண்டு வந்து விட்டார்.

2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வில் கல்யாணமான பெண்களிடம் சில கேள்விகள் கேட்டார்கள். மற்ற ஆண்களோடு பேசினால் கணவர் பொறாமைப்படுகிறாரா, நடத்தையைச் சந்தேகப்படுகிறாரா, தோழிகளைப் பார்க்க விடுவதில்லையா, பிறந்த வீட்டோடு உள்ள தொடர்பைக் குறைக்கப் பார்க்கிறாரா, எந்நேரமும் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தே ஆகணும்னு வற்புறுத்துகிறாரா, பண விஷயத்தில் நம்புவதில்லையா. படித்தபோது விரலை மடக்கிக்கிட்டே வந்தேன். ஆறில் ஐந்து. அரசாங்கமே கேள்வித்தாள் போட்டுக் கேட்கிற விஷயம்னு தெரிந்ததே அன்னைக்கு எனக்குப் பெரிய ஆறுதல்.

சட்டத்திலும் இருக்கு. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2006 அக்டோபர் 26இல் அமலுக்கு வந்தது. அடி உதை மட்டுமில்லை, வார்த்தையாலும் மனசாலும் பணத்தாலும் செய்கிற கொடுமையும் அதில் வன்முறைதான். பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம், 181க்குப் போன் போடலாம். இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே போய், இப்படித் தொடர்ந்து ஒருத்தரைக் கட்டுப்படுத்துவதையே 2015இல் குற்றமாக்கி 5 வருஷம் வரை ஜெயில்னு வைத்துவிட்டார்கள். "அடிக்கலையே" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு இதையெல்லாம் யார் போய்ச் சொல்றது, சொல்லுங்க.

வெளியே வந்த கதையை விட்டுடறேன். வக்கீல், பஞ்சாயத்து, அழுகை, எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். ஏற்காட்டில் பெரியம்மா தனியா இருந்தாங்க. பெரியப்பா காபி எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து அங்கேயே வீடு கட்டினவர், இப்போ இல்லை. ஒரு பெட்டியோடு பஸ் ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்ட பலகை. பாதிக்கு மேல் வாந்தி, அதனால் அழகையெல்லாம் ரசிக்கவில்லை.

முதல் ரெண்டு மாசம் வீட்டை விட்டு இறங்கவேயில்லை. பெரியம்மா ஒண்ணும் கேட்கலை. ஒரு நாள், "ஒண்டிக்கடை வரைக்கும் போய்ப் பால் வாங்கிட்டு வா கண்ணு, எனக்கு முட்டி வலிக்குது"ன்னாங்க. போனேன். திரும்பி வந்து வாசலிலேயே நின்று மூச்சு விடாமல் சொல்றேன்: "கடையில சில்லறை இல்ல பெரியம்மா, அதான் லேட்டு, அப்புறம் லாரி ஒண்ணு வழிய அடைச்சுக்கிட்டு நின்னுது, அதனால..."

பெரியம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கிட்டே நிமிர்ந்து பார்த்தாங்க.

"யாரு கண்ணு உன்னைக் கேட்டா?"

அவ்வளவுதான் சொன்னாங்க. நான் பாத்ரூமுக்குள் போய் ரொம்ப நேரம் அழுதேன். பால் திரிஞ்சு போச்சு, அது தனிக் கதை :-)

அதுக்கப்புறம் பால் வாங்குகிற நடை கொஞ்சம் கொஞ்சமா நீண்டது. ஏரியோரமாக, அண்ணா பூங்கா வரை. சமதளத்தில் பிரச்சினை இல்லை. மேட்டில் ஏறினால்தான் வந்தது வினை. லேடீஸ் சீட் போகிற ஏற்றத்தில் இதயம் படபடன்னு அடித்ததும் கையெல்லாம் வியர்த்து, கண் இருட்டி, அங்கேயே ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஹார்ட் அட்டாக்தான்னு நினைச்சேன். டாக்டர் பார்த்துவிட்டு இதயத்துக்கு ஒண்ணுமில்லைன்னு மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்.

அந்தம்மா சொன்ன விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மேடு ஏறும்போதும் இதயம் வேகமா அடிக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். பயந்தாலும் அதேதான். இத்தனை வருஷமா என் இதயம் அப்படி அடித்ததெல்லாம் தெருமுனையில் அவர் பைக் சத்தம் கேட்கும்போதுதான். அதனால் படபடப்புன்னாலே ஆபத்துன்னு உடம்பு படித்து வைத்திருக்கு. மறக்கடிக்க ஒரே வழி, ஆபத்தே இல்லாத இடத்தில் வேணும்னே கொஞ்சம் மூச்சு வாங்க வைத்து, நின்று, அது தானாகவே அடங்குவதைக் கூட இருந்து பார்ப்பது. பீதி நோய்க்குப் பல வருஷமாகக் கையாள்கிற முறைதானாம் இது.

இன்னொரு ஆய்வும் சொன்னார். 2014இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பழைய கொடுமைகளின் பாதிப்பு பல வருஷ சிகிச்சைக்கும் விலகாத பெண்களை ரெண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 10 வாரம் யோகா, இன்னொன்றுக்கு உடல்நலப் பாடம். முடிவில் யோகா செய்த 31 பேரில் 16 பேருக்கு அந்த நோய்க்கான அடையாளங்கள் போதிய அளவுக்கு இல்லை. மற்ற குழுவில் 29 பேரில் 6 பேருக்குத்தான் அப்படி. சின்ன ஆய்வுதான், ஆனா எனக்குப் பிடித்தது அந்த யோகாவைச் சொல்லிக் கொடுத்த விதம். "கையைத் தூக்கு" கிடையாது, "விருப்பமிருந்தால் தூக்கிப் பாருங்கள்". தொட்டுத் திருத்துவது கிடையாது. எப்போ வேண்டுமானாலும் நிறுத்திக்கலாம். விசிலும் பிரம்புமா நின்ற நம்ம பி.டி. மாஸ்டர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

நானும் அப்படியே செய்தேன். லேடீஸ் சீட் ஏற்றத்தில் பத்து மரம் ஏறுவது, நிற்பது. மூச்சு வாங்கும். அடங்கும். இஷ்டமிருந்தால் அடுத்த பத்து. இல்லைன்னா வீட்டுக்கு. கைக்கடிகாரம் கிடையாது, போனில் காலடி எண்ணுகிற சமாசாரத்தை அழித்தாச்சு. இத்தனை ஆயிரம் அடி நடக்கணும்னு நல்ல மனசோடு அறிவுரை சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை: என்னை எண்ணினது போதும்ங்க. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்வது எனக்கும் தெரியும். அதற்கு மேலேயே நடக்கிறேன்னுதான் நினைக்கிறேன். கணக்கு வைக்கலை.

நாலஞ்சு மாசத்தில் லேடீஸ் சீட் வரைக்கும் போய்விட்டேன். சாயந்திரம் அங்கிருந்து பார்த்தால் கீழே சேலம் முழுக்க விளக்கு. எங்க தெரு எந்தப் பக்கம்னு தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியலை. பக்கத்தில் ஒரு குடும்பம் சுண்டல் சாப்பிட்டுக்கிட்டிருந்தது. நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு காலையில் செருப்பு மாட்டும்போது பெரியம்மா, "எங்க போறே?"ன்னாங்க. முதுகு அப்படியே விறைத்தது. வாயில் பதில்கள் வரிசை கட்டி நிற்குது. "பகோடா பாயிண்ட்"னு சொன்னேன். "அங்கிட்டுக் காட்டெருமை நிக்குதாம், பாத்துப் போ. வரும்போது கறிவேப்பிலை வாங்கியாந்துடு." அவ்வளவுதான். அதே ரெண்டு வார்த்தை, எங்க போறே. இங்கே அதுக்கு நான் என்ன பதில் சொன்னாலும் ஒண்ணும் ஆகாது, கறிவேப்பிலை மட்டும் வந்தால் போதும். பகோடா பாயிண்ட் போகிற வழி நெடுக இதையே நினைச்சுக்கிட்டு நடந்தேன். காட்டெருமையைப் பார்க்கவில்லை. சாணி மட்டும் கிடந்தது.

ஓடினது போன மாசம்தான். சேர்வராயன் கோயில் இருக்கே, 5326 அடி உயரத்தில், அந்த மலை உச்சி மேடை மாதிரித் தட்டையான புல்வெளி. சாமி சின்னக் குகைக்குள். குனிந்துதான் உள்ளே போகணும். சேர்வராயனும் காவேரி அம்மனும். மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வம், மே மாசத் திருவிழாவுக்கு மலை கிராமங்களெல்லாம் திரண்டு வரும். நான் போனது சாதாரண நாள், மூடுபனி, ஆளே இல்லை. கும்பிட்டு வெளியே வந்தேன். எதிரே வெறும் புல். கால் தானாகவே வேகம் எடுத்தது. சுடிதார், ரப்பர் செருப்பு, அதை அங்கேயே கழட்டிப் போட்டுவிட்டு ஓடினேன். இதயம் படபடன்னுதான் அடித்தது. அடிக்கட்டும்னு ஓடினேன். 800 மீட்டர் இருந்ததா, 300 தானா, தெரியாது. விலாவில் பிடித்துக்கிச்சு. நின்றேன். புல்லில் மல்லாந்து படுத்தேன், முதுகெல்லாம் ஈரம்.

செருப்பைத் தேடத்தான் அரைமணி நேரம் ஆச்சு. பனியில் போட்ட இடம் தெரியலை.

போன வாரம் சேலம் வீட்டைக் காலி பண்ணுகிறார்கள்னு வக்கீல் போன் பண்ணினார். டிரெட்மில் என் பேரில் வாங்கினதாம், வந்து எடுத்துக்கணுமாம். பழைய இரும்புக்குப் போடச் சொல்லிட்டேன். பெரியம்மாவுக்குத்தான் வருத்தம். மிளகு காயப்போட ஆகியிருக்குமாம் :-)