மருந்துச் சீட்டுல முழு வாக்கியம் எழுதினா என்ன டாக்டர்?

1/ "டாக்டருங்க ஏன் எதையுமே முழு வாக்கியமா எழுத மாட்டேங்கிறீங்க?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில்ல என் தப்பு ஒண்ணும் வரும். பொறுமையா படிங்க.

2/ எங்க கேஸ் ஷீட் பூரா துண்டு துண்டாத்தான் இருக்கும். "காய்ச்சல் 3 நாள். இருமல் இல்லை. சுகர் உண்டு." அடுத்த ஷிப்ட் டாக்டருக்கு இது போதும். ரெண்டு பேரும் ஒரே படிப்பு படிச்சவங்க, விட்டதை அவரே நிரப்பிக்குவார்.

3/ சில நேரம் துண்டுதான் சரி. கேஷுவாலிட்டில ஒருத்தருக்கு இதயம் நின்னுபோச்சுன்னா, "பல்ஸ் இல்லை. கம்ப்ரஷன். அட்ரினலின் 1 மில்லிகிராம்." அவ்வளவுதான் பேச்சு. ஆனா சிஸ்டர் திருப்பிச் சொல்றதைக் கவனிங்க: "அட்ரினலின் 1 மில்லிகிராம் போட்டாச்சு டாக்டர்." இது முழு வாக்கியம். போட்டாச்சா, இனிமேதான் போடணுமாங்கிற சந்தேகத்துக்கே இடமில்லை.

4/ இப்போ என் தப்பு. சர்வீஸ்ல சேர்ந்த புதுசு. முடக்கு வாதத்தோட ஒரு அம்மா. மெத்தோட்ரெக்சேட் எழுதினேன். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடற மாத்திரை. தினமும் போட்டா ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்து.

5/ சீட்டுல நான் எழுதினது "0-0-1". பக்கத்துல இங்கிலீஷ்ல பொடியா "வீக்லி". அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா பல வருஷமா சுகர் மாத்திரை போடறவங்க. 0-0-1ன்னா தினம் ராத்திரி ஒண்ணுன்னு நல்லாத் தெரியும்.

6/ ஒன்பதாம் நாள் வாய் பூரா புண்ணோட வந்தாங்க. தண்ணிகூட இறங்கல. வெள்ளை அணுக்கள் ரொம்பக் கம்மி. மாத்திரையை நிறுத்தி, ஃபோலினிக் ஆசிட் கொடுத்து, அட்மிட் பண்ணிப் பார்த்தோம். பிழைச்சுட்டாங்க. "நீங்க எழுதினபடிதான் தம்பி போட்டேன்"னாங்க. உண்மைதான். அவங்க சரியாத்தான் படிச்சாங்க.

7/ துண்டா எழுதினா மீதியைப் படிக்கிறவர்தான் நிரப்புவார். நம்ம மனசுல இருக்கறதை வச்சு இல்ல, அவருக்குத் தெரிஞ்சதை வச்சு.

8/ இது கையெழுத்து விஷயத்துலயும் உண்டு. இன்சுலின் 10 யூனிட்னு எழுத, 10 பக்கத்துல இங்கிலீஷ் எழுத்து 'யூ' மட்டும் போட்டா, அது சைபர் மாதிரி தெரிஞ்சு 100 ஆயிடும். அதனாலதான் அமெரிக்காவுல ஜாயின்ட் கமிஷன் 2004லயே அந்தச் சுருக்கத்தை எழுதவே கூடாதுன்னு பட்டியல் போட்டுச்சு.

9/ முழு வாக்கியம்னா நீள வாக்கியம் இல்ல. "வலிக்குது." ஒரே சொல்தான், ஆனா முழுசு. கேட்கிறவருக்கு மேற்கொண்டு கேள்வி மிச்சம் இருக்கக் கூடாது, அதான் கணக்கு.

10/ இப்போ நான் தமிழ்ல எழுதறது: "இந்த மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும் ஒண்ணு போடுங்க. மத்த ஆறு நாளும் போடவே கூடாது." ஓ.பி.ல எவ்வளவு கூட்டம் இருந்தாலும் இதுக்கு நேரம் இருக்கு.

11/ நீங்களும் ஒண்ணு பண்ணுங்க. சீட்டை வாங்கினதும் எழுந்து போயிடாம, "இதைத் தினமும் ராத்திரி போடணும், சரியா டாக்டர்?"னு முழுசாத் திருப்பிச் சொல்லுங்க. தப்புன்னா அங்கேயே திருத்திடுவோம். கூச்சமே வேண்டாம். அந்த அம்மா அன்னிக்கு அப்படிக் கேட்டிருந்தா, என் தப்பு அந்த மேஜையிலேயே முடிஞ்சிருக்கும்.